ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல்

மயிலாப்பூர்,
14 ஜூலை 2024

அன்புள்ள டெல்பின் அக்காவுக்கு,

உன் தங்கை ஜெசி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உன் தொண்டை வலி போயிற்றா? நவதுறவியர் இல்லத்தில் முதல் வருஷம் முழுக்கப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் எழுதலாம் என்பதை அப்பா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. "இன்னா மடம் அது? ஜெயில்லகூட போன் குடுக்கிறாங்க" என்று தையல் மெஷினிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தி. நகர் கடையிலிருந்து ஆடிக்காக நிறைய ஜாக்கெட் வந்திருக்கிறது. நான் கொக்கி தைக்கிறேன்.

இன்று பூசை முடிவில் ஃபாதர் ஜெஃப்ரி ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கையால் எழுத முடியாதாம். அவள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதித்தர ஒருவர் வேண்டும். கையெழுத்து தெளிவாக இருக்க வேண்டும். பத்தாவது தேறியிருக்க வேண்டும், கல்லூரியில் படித்திருக்கக் கூடாது. எழுதுகிறவருக்குப் படிப்பு குறைவாக இருந்தால்தான் விடை அவருடையது இல்லை என்று நம்புவார்களாம்.

அப்பா முழங்கையால் இடித்தார். "உனக்கோசரமே எழுதின மாதிரி கீது ஜெசி."

"பூசை நடக்குது, சும்மா இருங்க" என்றாள் அம்மா.

பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றதிலிருந்து எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் படிப்பு என்ற கட்டத்தில்தான் நான் தடுக்கி விழுவேன். இன்று அதே கட்டம் என்னைக் கூப்பிடுகிறது. ஆனால் முன்பின் தெரியாத வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். வகுப்பில் எழுந்து நின்றாலே குரல் வராமல் போனவள் நான், அதனால்தான் பள்ளியையே விட்டேன் என்பது உனக்குத் தெரியும். என்ன செய்யட்டும்?

உன் செபத்தில் என்னையும் நினை.
ஜெசி


திண்டுக்கல்,
4 ஆகஸ்ட் 2024

என் செல்ல ஜெசிக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. பேசினால்தானே வலிக்க? இரவு செபத்திலிருந்து காலைச் சாப்பாடு வரை இங்கே மௌனம். வாயாடி என்று தெருவே பெயர் வைத்த என்னை ஆண்டவர் எங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார் பார். நேற்று அறுபது பேருக்கு உருளைக்கிழங்கு தோல் சீவினேன், ஒரு வார்த்தை இல்லாமல். கிழங்குக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கும்.

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். இந்தப் பதில் வருவதற்குள் நீ போய்விட்டிருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். போகவில்லை என்றால் இன்றே போ. அவள்தானே பேசப்போகிறாள்? உன் வேலை கேட்பது. நம் வீட்டில் நான் பேசிய பேச்சையெல்லாம் பதினாறு வருஷம் உட்கார்ந்து கேட்டவள் நீ. அனுபவம் போதும்.

அவள் பெயர் என்ன, என்ன படிக்கிறாள் என்று எழுது. அம்மாவை நர்ஸிங் ஹோம் வேலையில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல். மூட்டு வீங்கும்.

அன்பு முத்தங்களுடன்,
டெல்பின்


மயிலாப்பூர்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள், அதாவது அப்படிச் சொல்கிறாள்.

நான் போனேன். அவள் பெயர் ஹம்சா, வயது இருபது. கோயில் குளத்துக்குப் பின்னால் வீடு. பி.ஏ. வரலாறு. அவள் அம்மா விசாலாக்ஷி மாமிதான் கதவைத் திறந்தார். "பொறக்கறச்சே மூளைக்கு மூச்சு கொஞ்சம் லேட்டாப் போயிடுத்து. அதனால கை, கால், வாய் மூணும் அது அது இஷ்டத்துக்குப் போறது. புத்தியில ஒரு குறையும் கிடையாது, அது எங்களுக்கே சில நாள் ஜாஸ்தி" என்றார். இத்தனை நாள் எழுதித்தந்த உறவுக்காரப் பெண் இப்போது இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாளாம். இனி எழுதக் கூடாது.

ஹம்சா சக்கர நாற்காலியில் இருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. தலையாட்டினேன். மறுபடியும் நீளமாக ஏதோ சொன்னாள். இன்னும் நன்றாகத் தலையாட்டினேன். மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "உன் காதுல எறும்பு போறது, தட்டி விடட்டுமான்னு கேக்கறா. நீ ஆமாங்கறே. அவ எங்கேருந்து தட்டி விடுவா?"

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஹம்சா அடுத்துச் சொன்னதை மாமி ஒவ்வொரு வார்த்தையாக எனக்கு எடுத்துக் கொடுத்தார். "புரியலைன்னா புரியலைன்னு சொல்லு. நூறு தடவை வேணா திருப்பிச் சொல்றேன். இந்தத் தலையாட்டற ஜனங்களை எனக்குப் பிடிக்காது."

மூன்று வாரமாகத் தினமும் போகிறேன். அவள் பேச்சில் 'ர' பாதி விழுங்கிப் போகும். 'ச' வெறும் காற்றாக வரும். நீளமான வார்த்தை நடுவில் நின்று மூச்சு வாங்கும். இடது முஷ்டியால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினால் முற்றுப்புள்ளி, இரண்டு தட்டினால் புதுப் பத்தி. இங்கிலீஷில் சொன்னால் வாய் இன்னும் சிக்கும் என்று தமிழில் பரீட்சை எழுத அனுமதி வாங்கியிருக்கிறாள். முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நாலு வரி. நேற்று இரண்டு பக்கம்.

நேற்று நான் "புரியலை" என்று பதினேழு தடவை சொன்னேன். அவள்தான் எண்ணினாள். ஒரே நாளில் நான் இத்தனை தடவை வாயைத் திறந்ததில்லை.

அன்புடன்,
ஜெசி


திண்டுக்கல்,
8 செப்டம்பர் 2024

ஜெசிக் குட்டிக்கு,

மாதா பிறந்தநாள் வாழ்த்துகள். இங்கே பாயசம் போட்டார்கள். பெசன்ட் நகர் கொடியேற்றத்துக்குப் போனீர்களா? எனக்குப் பதிலாக மணலில் ஒரு நடை நடந்தாயா?

உன் எறும்புக் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். எங்களுக்குப் பொறுப்பான மதர்கூடச் சிரித்தார், பிறகு நினைவு வந்து செபமாலையை எடுத்தார்.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன். மலையடிவாரம், இரவில் குளிர்தான் கொஞ்சம். நவம்பரில் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு தாளைப் பற்றியும் தனித்தனியாக எழுது. எனக்குப் பொழுது போக வேண்டும்.

உன்
டெல்பின்


மயிலாப்பூர்,
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழை நின்றிருக்கிறது. அம்மாவின் மூட்டு பரவாயில்லை. அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் தையல் ஆரம்பித்துவிட்டது. நீ நலமா? கம்பளி வந்து சேர்ந்ததா?

ஐந்து தாளும் முடிந்தது. கல்லூரி அடையாறு பக்கம். மற்றவர்கள் மாடியில் எழுதினார்கள். எங்களுக்குக் கீழே மருத்துவ அறை. ஒரு கட்டில், எடை பார்க்கும் மெஷின், ஒரு மேஜை, நாங்கள் இரண்டு பேர், மேற்பார்வைக்கு ஒரு மேடம். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு எங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதல். "நாலு மணி நேரம் நிறுத்தாமப் பேச விடற ஒரே இடம் இதுதான்" என்கிறாள் ஹம்சா.

முதல் நாள் என்னிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மாணவி சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் எழுதுவேன் என்று இருந்தது. என் பெயரை அவ்வளவு கவனமாக நான் எங்கேயும் எழுதியதில்லை.

முதல் தாளில் என் கை வேர்த்துப் பேனா வழுக்கியது. இரண்டாவதில் கேள்வித்தாளை நான் மெதுவாக வாசித்தேன் என்று ஹம்சா அதட்டினாள். "பல்லிக்கா வாசிக்கறே? எனக்கு வாசி!" மூன்றாவதில் இருபத்தாறு பக்கம் எழுதினோம். கடைசித் தாள் எளிது. முடிந்ததும் மாமி கேசரி கொண்டுவந்தார், மருத்துவ அறைக் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஜெசி


திண்டுக்கல்,
15 டிசம்பர் 2024

அன்பு ஜெசிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், வீட்டில் எல்லோருக்கும். கம்பளி வந்தது. பச்சை நிறத்தை யார் தேர்ந்தெடுத்தது? அப்பாதானே? கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தாள், இரண்டாவது, மூன்றாவது, கடைசி. ஐந்து என்றாய். நாலாவது எங்கே? மறந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் நீ மறக்கிறவள் இல்லை.

உன் அக்கா,
டெல்பின்


மயிலாப்பூர்,
26 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? பொங்கலுக்கு விசாலாக்ஷி மாமி வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பரீட்சை முடிவு வந்துவிட்டது. ஹம்சா நாலு தாளில் வகுப்பிலேயே முதல். ஒரு தாளின் முடிவை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரிக்கிறார்களாம். எம்.ஏ. சேர எல்லாத் தாளும் தேறியிருக்க வேண்டும்.

கொக்கி வேலை நிறைய இருக்கிறது. அதனால் இவ்வளவுதான்.

ஜெசி


திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2025

ஜெசி,

நீ ஒரு பக்கத்தில் முடித்தால் எதையோ மறைக்கிறாய் என்று அர்த்தம். நிறுத்திவைத்தது நாலாவது தாள்தான், இல்லையா?

மார்ச் 5 முதல் தவக்காலம். அதற்குப் பிறகு இங்கே கடிதம் எழுதுவதும் கிடையாது, வாங்குவதும் கிடையாது. வருகிற கடிதங்களை மதர் அலமாரியில் வைத்து ஈஸ்டருக்கு மறுநாள்தான் தருவார். அதற்குள் எழுது. என்னிடம் சொல்லாததை ஹம்சாவிடமாவது சொல்.

அம்மா, அப்பாவைக் கேட்டதாகச் சொல்.
டெல்பின்


மயிலாப்பூர்,
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தவக்காலம் தொடங்கி நாலு நாள் ஆகிவிட்டது. இந்தக் கடிதம் மதரின் அலமாரியில் ஆறு வாரம் கிடக்கும். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை.

நாலாவது தாளன்று மேற்பார்வைக்குப் புதிதாகப் பேச்சியம்மாள் மேடம் வந்தார். வணிகவியல் துறை. நாற்காலியை இழுத்து என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். ஹம்சா ரயில் பாதைகள் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் என்னிடம் தனியாக ஏதோ சொன்னாள். நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அவங்க என்னமோ சொன்னாங்களே, ஏன் எழுதலை?" என்றார் மேடம். "ஒரு சொல் கூட்டாம குறைக்காமன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே. எழுது."

அது விடை இல்லை மேடம் என்று சொல்ல வேண்டும். நாலே வார்த்தை. பள்ளியில் போலவே குரல் வரவில்லை அக்கா. நான் எழுதினேன். ரயில் பாதைக்கு நடுவில் எழுதினேன்: "ஜெசி, மூக்கு அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடேன்." எழுதிவிட்டுச் சொறிந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: "இவங்க ஏன் போலீஸ் மாதிரி பக்கத்துலயே உக்காந்திருக்காங்க?" அதையும் எழுதினேன். மேடம் பேனா ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்த்தார், என்ன எழுதுகிறேன் என்று பார்க்கவில்லை. திருப்பி வாசித்துக்காட்ட நேரம் இல்லை. மணி அடித்துவிட்டது.

விடைத்தாளில் பெயர் இருந்தால் அது முறைகேடு. யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குக் காட்டிக்கொடுப்பதாக அர்த்தமாம். அன்று பஸ்ஸில் திரும்பும்போதே எனக்கு அது தெரியும். கேசரியைத் தின்றேன். தைப் பொங்கலைத் தின்றேன். யாரிடமும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை ஹம்சாவுக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. விடைத்தாளில் பெயர் இருக்கிறது, தொடர்பில்லாத வாசகங்கள் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வரவும். அவளுக்கு வந்த கோபத்தில் கால் நாற்காலிப் பலகையை உதைத்தது. "நான் ஏன் பேரை எழுதப்போறேன்? சுத்தப் பொய். எடு காகிதம். புகார் எழுது."

நான் எடுத்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். "இந்தக் கல்லூரி என் மீது சுமத்துவது பொய்க் குற்றச்சாட்டு." ஒரு தட்டு. "நானும் எனக்காக எழுதுபவரும் எந்தத் தவறும் செய்யவில்லை." ஒரு தட்டு. மூன்றாவது வாக்கியத்தை அவள் தொடங்கியபோது என் பேனா நகரவில்லை.

"எழுது."

"புரியலை" என்றேன்.

"நன்னாத் தெளிவாச் சொன்னேன்."

"புரிஞ்சுது. எழுத முடியலை. அது பொய் இல்லை ஹம்சா. நான்தான் எழுதினேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு அரித்ததையும் சொன்னேன். பிறகு அவள் சொன்னது ஒரே தடவையில் புரிந்தது. "எழுதினதுக்குக் கோபம் இல்லை. உன்னைப் பயமுறுத்தினா. ஆனா நாலு மாசமா என் மூஞ்சிக்கு எதிரே உக்காந்துண்டு சொல்லாம இருந்தியே. நான் எம்.ஏ. ஃபாரமெல்லாம் வாங்கி வெச்சிருக்கேன்டி."

நான் அழுதேன். அவள் அழவிட்டாள். அப்புறம், "கிழிச்சுப் போடு. புதுசா எழுது. நடந்தது உண்மைன்னு ஆரம்பி" என்றாள்.

தாளை ரத்து செய்தால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். இனிமேல் கல்லூரியே ஓர் ஆளை நியமிக்கும் என்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஏப்ரல் பரீட்சைக்கு ஆறு வாரம்கூட இல்லை. அவள் பேச்சு புரியவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்கே தினமும் போனேன்.

வெள்ளிக்கிழமை நானும் வர வேண்டுமாம். பேச வேண்டுமாம்.

ஜெசி


மயிலாப்பூர்,
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவும் அலமாரிக்குத்தான். வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா வெள்ளிக்கிழமை தையலுக்கு லீவு போட்டுக் கல்லூரி வாசல் வரை வந்தார். "உள்ள வரட்டுமா? வேணாமா? சரி, இங்கியே நிக்கிறேன். ஏதாச்சும்னா ஒரு குரல் குடு" என்றார். குரல் கொடுக்க முடிந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?

அறையில் மூன்று பேர். தேர்வுப் பொறுப்பாளர் நீரஜா மேடம், ஸ்ரீகிருஷ்ணா சார் என்று ஒரு பேராசிரியர், ஓரத்தில் பேச்சியம்மாள் மேடம். நீரஜா மேடம் அந்த இரண்டு வரிகளை வாசித்தார். மூக்கு வரியை வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் ஆடியது. போலீஸ் வரியில் பேச்சியம்மாள் மேடம் தரையைப் பார்த்தார். பிறகு, "மேடம், எழுதச் சொன்னது நான்தான். விதியை அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை" என்று அவரே சொன்னார். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஸ்ரீகிருஷ்ணா சார் விடவில்லை. "அது போகட்டும். இவங்க பேசறது இங்க யாருக்குமே புரியலை. அப்ப இருபது பக்கம் விடை யாரோடது? எழுதற பொண்ணே படிச்சிட்டு வந்து எழுதினா நமக்கு எப்படித் தெரியும்?"

ஹம்சா ஏதோ சொன்னாள். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் நீரஜா மேடம்.

எனக்குப் புரிந்திருந்தது. சொல்லத்தான் வரவில்லை. ஹம்சா நாற்காலியைத் தட்டினாள். நான் சொன்னேன். "அவங்க சொல்றாங்க... சார் ரொம்ப நல்ல கேள்வி கேட்டிருக்கார், இதை மூணு வருஷத்துக்கு முன்னாடியே என்கிட்ட கேட்டிருக்கலாம்னு சொல்றாங்க."

சாரின் முகம் சிவந்தது. நீரஜா மேடம்தான் ஒரு சோதனை வைக்கலாம் என்றார். என்னைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டு ஹம்சாவுக்குக் கல்லூரிக் கையேட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். ஹம்சா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் அதை உரக்கச் சொல்ல வேண்டும். சார் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சுவரைப் பார்த்து நின்றது எனக்கு நல்லதாகப் போயிற்று அக்கா. அங்கே முகங்கள் இல்லை. பின்னாலிருந்து ஒரே ஒரு குரல், எனக்குத் தெரிந்த குரல்.

"ஒரு மாணவி ஒரே சமயத்தில் மூன்று நூல்கள் எடுத்துச் செல்லலாம்" என்றேன். "குறிப்புதவி நூல்களை நூலகத்துக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது" என்றேன். இரண்டு தடவை "புரியலை" என்று சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். "நூலகத்தில் அமைதி காக்க வேண்டும்." என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. இவ்வளவு சத்தமாக இருக்கிறதே, யாருடையது என்று நினைத்தேன்.

அடுத்ததை அவள் சொன்னபோது ஒரு நொடி தயங்கினேன். ஆனால் சொன்னேன். "நூலகத்துக்குப் பன்னிரண்டு படி. நான் மூன்று வருஷமாக உள்ளே போனதில்லை. வாசலில் நின்று புத்தகத்தின் பெயரைச் சொல்வேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய் வேறு புத்தகம் கொண்டுவருவார்கள்."

"நிறுத்து" என்றார் சார். "இது இந்தப் பக்கத்துல இல்லை. இதெல்லாம் நீயே சேர்க்கிறே."

நான் திரும்பினேன். மூன்று முகங்களும் அங்கே இருந்தன. "நான் எதையும் சேர்க்கலை சார். அவங்க சொன்னாங்க. நான் சொன்னேன். இந்தக் காலேஜ் லைப்ரரியை நான் கண்ணால பார்த்ததே இல்லை. எத்தனை படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நீரஜா மேடம் ஹம்சாவை நேராகப் பார்த்துக் கேட்டார். "பன்னிரண்டா?"

ஹம்சா ஒரு தட்டு தட்டினாள்.

அந்த இரண்டு வரியை அடித்துவிட்டு மீதியைத் திருத்தச் சொல்கிறேன் என்று மேடம் குறிப்பு எழுதினார். ஏப்ரலிலும் நானே எழுதலாம். படிவத்தில், விடைக்குச் சம்பந்தமில்லாத பேச்சை எழுத வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஹம்சா, "மூக்குன்னு தனியாக் குறிப்பிடணும்" என்றாள். அதையும் நான் சொன்னேன். சாரே சிரித்துவிட்டார்.

வாசலில் அப்பா, "இன்னா ஆச்சு? ஒரு சத்தமும் கேக்கலியே" என்றார். உள்ளே நிறையச் சத்தம் போட்டேன் என்றால் நம்பவில்லை.

உன்
ஜெசி


திண்டுக்கல்,
21 ஏப்ரல் 2025

என் தங்கமே ஜெசி,

அல்லேலூயா! காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு கடிதமும் கைக்கு வந்தன. அப்போது மௌன நேரம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து முதல் கடிதத்துக்கு அழுதேன், இரண்டாவதுக்குச் சத்தமாகச் சிரித்தேன். சத்தத்துக்குத் தண்டனையாக இந்த வாரம் முழுக்கப் பெரிய அண்டாக்கள் என் பொறுப்பு. சந்தோஷமாகத் தேய்க்கிறேன்.

நீ சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். நவம்பரில் ஒரு நாள் பெட்டியைக் கட்டிவிட்டேன், வீட்டுக்கு வந்துவிடலாம் என்று. உன் கடிதத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இருந்தது. நானும் டிசம்பரில் அதே மாதிரி, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். பிறகு ஒருநாள் மதரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, பெட்டியை அவிழ்க்க ஒரு கை கொடுத்தார். இப்போது உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

பரீட்சை எப்படிப் போகிறது? நாலாவது தாளையும் சேர்த்து எழுது. அம்மாவின் முழங்காலுக்கு இந்தத் தைலத்தைக் கொடு, சமையல்கட்டில் எல்லோரும் இதைத்தான் போடுகிறோம்.

ஈஸ்டர் மகிழ்ச்சியுடன்,
டெல்பின்


மயிலாப்பூர்,
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. அம்மாவுக்கு முன்னால் அப்பா கழுத்துக்குப் போட்டுக்கொண்டு, வீடே கற்பூர வாசனை. எல்லோரும் சௌக்கியம். பெட்டி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீயே ஒருநாள் சொல்.

நிறுத்திவைத்த தாளில் ஹம்சாவுக்கு எழுபத்து நாலு. எம்.ஏ. ஃபாரத்தை நேற்றுப் பூர்த்தி செய்தோம். நூலகப் படிகளை இரண்டு தடவை வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்களாம். "அளவுல மட்டும் தப்பே வராது" என்கிறாள் அவள். எனக்கும் ஒரு வேலை வந்திருக்கிறது. இரண்டாம் வருஷத்தில் சகினா என்று ஒரு பெண், கண் தெரியாது. அவளுக்கும் எழுத வரச் சொல்லி நீரஜா மேடம் கேட்டார். யோசிக்கிறேன் என்று சொன்னேன். வாயைத் திறந்துதான் சொன்னேன்.

ஐந்து தாளும் எழுதினோம். நாலாவது தாளில் ஒன்றும் நடக்கவில்லை, சத்தியமாக. கடைசித் தாளன்று மேற்பார்வைக்குப் பேச்சியம்மாள் மேடம் வந்தார். இந்த முறை நாற்காலியைக் கதவோரம் போட்டுக்கொண்டார்.

இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டோம். நான் திருப்பி வாசித்துக்காட்டி, பேனாவை மூடினேன். வெளியே பரீட்சை முடித்த பெண்கள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது ஹம்சா மேடத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

மேடம் என்னைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான். அவள் பேசுவாள், என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது. வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் என்னிடம் பேசவில்லையே. "உங்களைத்தான் கேக்கறாங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விடைத்தாளை நூல் போட்டுக் கட்டத் தொடங்கினேன்.

மேடம் நாற்காலியை நகர்த்தி அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஹம்சா மறுபடியும் கேட்டாள். மேடத்துக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, மெதுவா" என்றார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. நூலில் ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை மேடம் ஒரு வார்த்தையைப் பிடித்தார். அதைத் திருப்பிச் சொல்லிக் கேட்டார். நாலாம் தடவை, "அட!" என்று கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பதில் சொன்னார். ஹம்சா அதற்கு ஒன்று சொன்னாள். மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்ன கேட்டாள் என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய். எழுத மாட்டேன் அக்கா. அது அவர்கள் இரண்டு பேருடைய பேச்சு.

உன் அன்புத் தங்கை,
ஜெசி